பென்டன்கூர் தடைக்கு டாட்டன்ஹாம் அப்பீல்: 2011 லிவர்பூலைப் பார்த்தும் கிளப்புகள் திருந்தவில்லையா?

கோப்_கார்த்தி | 21 நவம்பர் 2024

டாட்டன்ஹாம் அப்பீல் போகிறார்கள் என்ற செய்தியைப் பார்த்ததிலிருந்து இதை எழுதியே ஆக வேண்டும் என்று இருந்தது. ஸ்பர்ஸ் (டாட்டன்ஹாமின் செல்லப்பெயர்) இழையில் போட்டால் ஆர்சனல் ஆட்கள் வந்து பேச்சை வேறு பக்கம் இழுத்துவிடுவார்கள், அதனால் தனியாகத் திறக்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஜூன் மாதம் உருகுவே டிவி நிகழ்ச்சி ஒன்றில் டாட்டன்ஹாமின் உருகுவே வீரர் ரோட்ரிகோ பென்டன்கூரிடம் ஸ்பர்ஸ் வீரர் யாருடைய ஜெர்சியாவது கிடைக்குமா என்று கேட்கிறார்கள். சன்னுடையதா, அவருடைய கஸின் ஜெர்சியாகக்கூட இருக்கலாம், அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதானே இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். தென் கொரியரான சன் ஹியுங்-மின் அவருடைய டீம்மேட் மட்டும் இல்லை, கேப்டன். பென்டன்கூர் முதலில் கேட்ட மன்னிப்பு இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் வந்தது, 24 மணி நேரத்தில் தானாக மறைந்துபோகிற சமாச்சாரம். கிளப் நாள்கணக்கில் வாயே திறக்கவில்லை. ஜூன் 20 அன்று சன் தானாக முன்வந்து 'பேசிவிட்டோம், அவர் தப்பை உணர்ந்துவிட்டார், நாங்கள் சகோதரர்கள்' என்று எழுதினார். அதற்கப்புறம்தான் கிளப் அறிக்கை வருகிறது. அதில் என்ன இருந்தது? எல்லா வீரர்களுக்கும் மேலும் வகுப்பு எடுப்போம், எங்கள் கேப்டன் இதோடு முடித்துக்கொள்ள நினைப்பதை ஆதரிக்கிறோம். அவ்வளவுதான்.

செப்டம்பரில் இங்கிலாந்து கால்பந்து சங்கமான எஃப்.ஏ. குற்றச்சாட்டு வைத்தது, இந்தத் திங்கட்கிழமை 7 உள்நாட்டு ஆட்டங்கள் தடை, 1,00,000 பவுண்டு அபராதம். இப்போது கிளப் சொல்கிறது: குற்றம் நிரூபணமானதை ஏற்கிறோம், ஆனால் தண்டனை கடுமை.

நான் லிவர்பூல் ஆள். 2011 டிசம்பரில், எங்கள் வீரர் சுவாரஸ் மான்செஸ்டர் யுனைடெட்டின் கறுப்பின வீரர் எவ்ராவை இனவெறியோடு பேசியதாகத் தீர்ப்பு வந்தபோது, என் கிளப் செய்ததைவிட மோசமாக யாரும் செய்ததில்லை என்பது என் கருத்து, அதனால்தான் இதில் எனக்கு இவ்வளவு ஆத்திரம். ஒரு வீரர் வாயை விடுவது ஒரு நிமிஷ விஷயம். அதற்கப்புறம் கிளப் என்ன செய்கிறது என்பதுதான் அடிபட்ட ஆள் மேல் வருஷக்கணக்கில் விழுகிறது. ஸ்பர்ஸ் அந்த அளவுக்குப் போகவில்லை, சரி. ஆனால் அடிப்படை ஒன்றேதான்: வீரருக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள், பாதிக்கப்பட்டவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளட்டும்.


வடலண்டன்_நிலா | 21 நவம்பர் 2024

கார்த்தி, ஸ்பர்ஸையும் 2011 லிவர்பூலையும் ஒரே வரியில் வைப்பது அநியாயம். லிவர்பூல் தீர்ப்பையே ஏற்கவில்லை. நாங்கள் ஏற்றிருக்கிறோம், எத்தனை ஆட்டம் என்பதைப் பற்றித்தான் கேள்வி. விதியில் 6 முதல் 12 ஆட்டம் வரை கொடுக்கலாம் என்று இருக்கிறது, அதில் 7 ஏன் 6 ஏன் என்று கேட்பதற்கு எல்லாருக்கும் உரிமை உண்டு. சம்பந்தப்பட்ட சன்னே மன்னித்துவிட்டார், செப்டம்பரில்கூட பென்டன்கூர் தன்னிடம் மன்னிப்புக் கேட்டபோது அழுகிற நிலையில் இருந்தார் என்று சொன்னார். பாதிக்கப்பட்டவர் மன்னித்த பிறகு வெளியே இருக்கிற நாம் யார், இன்னும் வேண்டும் இன்னும் வேண்டும் என்று நிற்பதற்கு?


சிவப்பு_முரளி | 21 நவம்பர் 2024

யுனைடெட் ஆளாக 2011 பற்றி நான் எழுதினால் பழைய பகை என்பீர்கள், பரவாயில்லை, எழுதுகிறேன். சின்ன வயசுக்காரர்கள் நிறையப் பேருக்கு சுவாரஸ் எவ்ராவுக்குக் கை கொடுக்காத அந்தக் கைகுலுக்கல் வீடியோ மட்டும்தான் தெரியும்.

2011 அக்டோபர் 15, லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டு, யுனைடெட்டோடு 1-1. ஜெரார்டு ஃப்ரீ கிக்கில் போட்டார், ஹெர்னாண்டஸ் சமன் செய்தார். இரண்டாவது பாதியில் சுவாரஸ் எவ்ராவின் முட்டியில் உதைத்தார். அடுத்து ஒரு கார்னர், எவ்ரா சுவாரஸை மார்க் செய்கிறார், ஏன் உதைத்தாய் என்று கேட்கிறார், அங்கேதான் பேச்சு நடந்தது. ஆட்டம் முடிந்ததும் எவ்ரா எங்கள் மேனேஜர் ஃபெர்குசனோடு போய் ரெஃப்ரி மாரினரிடம் சொன்னார். டிசம்பர் 20 அன்று எஃப்.ஏ.வின் விசாரணைக் கமிஷன் சுவாரஸுக்கு 8 ஆட்டம் தடை, 40,000 பவுண்டு அபராதம். வருஷக் கடைசி நாளில் 115 பக்கத்துக்குக் காரணங்களை வெளியிட்டது. தோலின் நிறத்தைக் குறிக்கிற சொல்லை சுவாரஸ் ஏழு தடவை பயன்படுத்தினார் என்பது அதன் முடிவு. சுவாரஸ் ஒரு தடவை என்று மட்டும் ஒத்துக்கொண்டார், அதுவும் நட்பாகச் சொன்னதாக. எவ்ராவின் கையைக் கிள்ளியதுகூட சூட்டைத் தணிப்பதற்கு என்றார். வீடியோவைப் போட்டுப் பார்த்த கமிஷன் அது நம்பும்படி இல்லை என்று தெளிவாக எழுதிவிட்டது.

இதெல்லாம் வீரர் பக்கம். கிளப் பக்கம் என்ன? தீர்ப்பு வந்த அதே ராத்திரி லிவர்பூல் ஒரு அறிக்கை விட்டது. சுவாரஸ் நிரபராதி என்று சொன்னதோடு நிற்கவில்லை, எவ்ராவின் நம்பகத்தன்மையையே கேள்விக்குள்ளாக்கினார்கள், ஏற்கெனவே இப்படிப் புகார் சொன்ன ஆள் என்கிற மாதிரி. மறுநாள் விகன் மைதானத்தில் வார்ம்-அப்புக்கு மொத்த அணியும் சுவாரஸ் படம் போட்ட டி-ஷர்ட்டில் வந்தது, முதுகில் 7. மேனேஜர் டால்கிலீஷும் அதையே போட்டிருந்தார்.

எவ்ரா புகார் கொடுக்கிற பழக்கமுள்ளவர் என்ற அந்தப் பேச்சு முழுப்பொய். 2006-இல் நடந்ததற்குப் புகார் கொடுத்தவர்கள் டிவியில் உதட்டசைவைப் பார்த்தவர்கள், எவ்ரா இல்லை. 2008-இல் செல்சியின் மைதானமான ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நடந்த விவகாரத்தில் இனவெறிச் சொல்லைக் கேட்டதாகச் சொன்னவர்கள் யுனைடெட் பயிற்சியாளர்கள், அங்கேயும் எவ்ரா இல்லை. ஆனால் ஒரு பெரிய கிளப்பே கையெழுத்துப் போட்டு அப்படிச் சொன்ன பிறகு எத்தனை லட்சம் பேர் அதை நம்பினார்கள்! இன்றைக்கும் யூடியூப் கமெண்டில் போய்ப் பாருங்கள், இருக்கிறது.


மிட்ஃபீல்ட்_மணி | 22 நவம்பர் 2024

நான் எந்த கிளப் ஆளும் இல்லை, அதனால் இதைக் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். கிளப் என்பது ஒரு முதலாளி. வேலை செய்கிறவர் மேல் வெளியே இருந்து ஒரு குற்றச்சாட்டு வந்தால், அவர் 'நான் செய்யவில்லை' என்று சொன்னால், முதலாளி அவரோடு நிற்க வேண்டுமா வேண்டாமா? நாளைக்கே உங்கள் ஆபீஸில் உங்கள் மேல் ஒரு புகார் வந்து, கம்பெனி உடனே உங்களைக் கைகழுவினால் ஒத்துக்கொள்வீர்களா? எவ்ரா - சுவாரஸ் விஷயத்தில் நேரடிச் சாட்சி யாரும் கிடையாது. கோர்ட்டில் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவும் தேவையில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற கணக்குத்தான். பேச்சை ஸ்பானிஷில் ஒரு கெட்ட வார்த்தையோடு ஆரம்பித்ததே எவ்ராதான், அதுவும் அந்த 115 பக்கத்திலேயே இருக்கிறது. சுவாரஸ் இனவெறியர் என்று எவ்ராவும் சொல்லவில்லை, எஃப்.ஏ.வும் சொல்லவில்லை. அப்படி இருக்கும்போது டீம்மேட்டுகள் ஒரு டி-ஷர்ட் போட்டது அவ்வளவு பெரிய பாவமா?


கோப்_கார்த்தி | 22 நவம்பர் 2024

மணி, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி, நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

வீரருக்கு வக்கீல் வைத்துக் கொடு, வீட்டில் போய் ஆறுதல் சொல், விசாரணையில் அவர் பக்கம் என்ன வாதம் இருக்கிறதோ அத்தனையும் எடுத்து வை, தீர்ப்புத் தப்பு என்று நினைத்தால் அப்பீல் போ. அதெல்லாம் ஒரு முதலாளி செய்ய வேண்டியதுதான், யாரும் குறை சொல்ல முடியாது. டி-ஷர்ட் அந்தக் கணக்கில் வராது. அது விசாரணை அறையில் வைத்த வாதம் கிடையாது, மைதானத்தில் கேமராவுக்கு முன்னால் செய்த காரியம். அதில் சுவாரஸுக்கு என்ன கிடைத்தது? தடை ஒரு ஆட்டம்கூடக் குறையவில்லை. ஆனால் எவ்ராவுக்கு அது என்ன சொன்னது? உன்னை நாங்கள் யாரும் நம்பவில்லை, இங்கே இருக்கிற கறுப்பின வீரர்கள்கூட நம்பவில்லை என்று சொன்னது.

எங்கள் கறுப்பின வீரர் கிளென் ஜான்சனை நினைத்துப் பாருங்கள். அவரும் அந்த டி-ஷர்ட்டைப் போட்டார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அதைத் தரையில் வீசியிருப்பேன் என்று முன்னாள் யுனைடெட் வீரர் பால் மெக்ராத் சொன்னார், நான் யாரை ஆதரிப்பது என்பது என் இஷ்டம் என்று ஜான்சன் ட்விட்டரில் பதில் போட்டார். அவர் மனசார நம்பித்தான் போட்டிருக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் அணி முழுவதும் வரிசையாக ஒரே டி-ஷர்ட்டில் வரும்போது ஒரு கறுப்பின வீரர் மட்டும் அதைப் போடாமல் தனியாக வந்து நிற்க முடியுமா? தன் சொந்த வீரர்களை ஒரு கிளப் கொண்டுபோய் நிறுத்தக் கூடாத இடம் அது. என் கோபத்தில் பாதி இதற்காகத்தான்.

ஜேமி காரகர் அப்போது துணைக் கேப்டன். 2019-இல் ஸ்கை டிவி ஸ்டுடியோவில் எவ்ரா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நாங்கள் செய்தது பெரிய தவறு என்று நேராகவே மன்னிப்புக் கேட்டார். அதைப் போட மாட்டேன் என்று சொல்கிற தைரியம் தனிப்பட்ட முறையில் எனக்கு இல்லாமல் போயிருக்கலாம் என்றும் சொன்னார். வெள்ளைக்காரர், அந்த ஊர்ப் பையன், பதினைந்து வருஷமாக அதே அணியில் ஆடியவர், துணைக் கேப்டன். அவருக்கே தைரியம் வரவில்லை என்றால் மற்றவர்கள் கதி என்ன.

அன்றைக்குத்தான் எவ்ராவும் தனக்கு வந்த கொலை மிரட்டல் கடிதங்களைப் பற்றிப் பேசினார். ஜெயிலில் இருந்துகூட எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கிளப்பின் தலைமை நிர்வாகி பீட்டர் மூர் அவருக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். 2011-இல் நடந்ததற்கு 2019-இல் கடிதம். நடுவில் எட்டு வருஷம்.

எவ்ரா முதலில் கெட்ட வார்த்தை பேசியது உண்மைதான். கார்னருக்கு நிற்கும்போது பேசுகிற அசிங்கம் எல்லாம் மைதானத்தோடு போய்விடும். ஒருவருடைய தோலைச் சொல்லிப் பேசுவது அந்தக் கணக்கில் வராது என்பதற்குத்தானே தனி விதியே வைத்திருக்கிறார்கள்.


சிவப்பு_முரளி | 22 நவம்பர் 2024

கார்த்தி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கிளப்பின் நடத்தை மேலே உட்கார்ந்திருப்பவர்களோடு முடிவதில்லை, கேலரி வரைக்கும் இறங்கும். 2012 ஜனவரி 3 அன்று லிவர்பூல் அப்பீல் இல்லை என்று அறிவித்தது, ஆனால் அந்த அறிக்கை முழுக்க எஃப்.ஏ.வைத் திட்டித்தான் இருந்தது, எவ்ராவுக்கு ஒரு வார்த்தை கிடையாது. மூன்றே நாளில் எஃப்.ஏ. கப் ஆட்டம், ஓல்டம் வந்திருக்கிறார்கள், டாம் அடேயேமி என்ற இருபது வயசுப் பையன் கூட்டத்தில் இருந்து வந்த ஏதோ ஒரு சொல்லைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான். அழுதான். ஆட்டம் நின்றது, லிவர்பூல் வீரர்களே போய்த் தேற்றினார்கள். அதே மாதக் கடைசியில் நாங்கள் ஆன்ஃபீல்டு போனோம், எவ்ரா பந்தைத் தொட்டபோதெல்லாம் கூச்சல். அவரைப் பார்த்துக் குரங்கு மாதிரி சைகை காட்டிய ஒருவர் மேல் வழக்குப் போட்டுத் தண்டனையும் கிடைத்தது.

இதற்கெல்லாம் அந்த டி-ஷர்ட்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புகார் சொன்னவர்தான் குற்றவாளி என்று கிளப்பே பேசிக்கொண்டிருக்கும்போது கூட்டம் வேறு எப்படி நடந்துகொள்ளும்?

பிப்ரவரி 11, எங்கள் மைதானமான ஓல்டு டிராஃபோர்டு, ஆட்டத்துக்கு முன் கைகுலுக்கல். சுவாரஸ் எவ்ராவின் கையைத் தவிர்த்துவிட்டுப் போனார். எவ்ரா அவர் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்ததும் தெரியும். ஆட்டம் முடிந்ததும் டால்கிலீஷ் ஸ்கை நிருபரிடம் எரிந்து விழுந்தார், நான் பார்க்கவில்லை என்றார், இதற்கெல்லாம் சுவாரஸ் மேல் பழி போடுவது அக்கிரமம் என்றார். மறுநாள் சுவாரஸ் மன்னிப்பு, டால்கிலீஷ் மன்னிப்பு, நிர்வாக இயக்குநர் இயன் ஏர் 'கை கொடுப்பதாக எங்களிடம் சொல்லிவிட்டு ஏமாற்றிவிட்டார்' என்று அறிக்கை. ஒரே ராத்திரியில் என்ன ஞானோதயம்? அக்டோபரில் இருந்து அறிக்கை அறிக்கையாக விட்டவர்களுக்கு, ஜெர்சியில் பெயர் போட்டிருக்கிற ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி அதிருப்தியைத் தெரிவித்ததும், அமெரிக்காவில் இருக்கிற உரிமையாளர்கள் விழித்துக்கொண்டதும்தான் வழி தெரிந்தது.


கோப்_கார்த்தி | 22 நவம்பர் 2024

டால்கிலீஷ் பற்றி ஒரு வார்த்தை. 1989-இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் இறந்த லிவர்பூல் ரசிகர்களின் சவ அடக்கத்துக்கு ஒவ்வொன்றாகப் போய் நின்ற மனிதர் அவர், ஒரே நாளில் நாலு இடங்களுக்குப் போன நாளும் உண்டு. எங்கள் ஊர், எங்கள் ஆட்கள், வெளியே இருக்கிறவர்கள் நம்மைப் பற்றிப் பொய் சொல்வார்கள், நாம் சேர்ந்து நிற்க வேண்டும் என்பது அந்த நகரம் பட்ட அடியில் இருந்து வந்த குணம். போலீஸும் பத்திரிகையும் லிவர்பூல் ரசிகர்கள் மேல் எவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும். அந்த நல்ல குணத்தைக் கொண்டுபோய் இந்த இடத்தில் செலவழித்தார்களே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். பொய் சொல்கிறார்கள் என்று பழி சுமந்த ஊர், பொய் சொல்கிறான் என்று இன்னொருவன் மேல் அதே பழியைப் போட்டது.


பினாங்கு_செல்வம் | 23 நவம்பர் 2024

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. நிலா சொன்ன 'சன் மன்னித்துவிட்டார்' என்பதற்கு மட்டும் பதில்.

சன் மன்னித்தார், அவர் பெருந்தன்மை. ஆனால் பென்டன்கூர் சொன்னது சன் ஒருவரைப் பற்றியா? அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்றார். அந்த 'எல்லோரும்' யார்? ஆசியாவில் இருந்து ராத்திரி கண் விழித்து ஸ்பர்ஸ் ஆட்டம் பார்க்கிற ஒவ்வொருவரும்தான். இங்கே மலேசியாவில் சன்னுக்காகவே ஸ்பர்ஸ் பக்கம் போன சீனப் பையன்கள் என் வேலையிடத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அந்த வீடியோவை மொபைலில் இரண்டு தடவை பார்த்துவிட்டு ஒன்றுமே பேசாமல் மொபைலைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் சார்பில் சன் எப்படி மன்னிக்க முடியும்?

டாட்டன்ஹாம் ஜெர்சியின் நெஞ்சில் இருக்கிற ஏ.ஐ.ஏ. ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி. கோடையில் சியோலுக்குப் போய் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு வந்தார்கள். ஆசியப் பணம் வேண்டும், ஆசிய ரசிகர்கள் வேண்டும். அவர்களைப் பற்றி ஒரு வீரர் அப்படிப் பேசியபோது கிளப் தன் வாயால் 'இது இனவெறி, இது தவறு' என்று ஒரு வரி எழுதவில்லையே. ஜூன் மாத அறிக்கையைத் திரும்பப் படித்துப் பாருங்கள், நல்ல முடிவு வருவதற்கு உதவி செய்துகொண்டிருக்கிறோம் என்றுதான் இருக்கிறது. யாருக்கு நல்ல முடிவு?


வடலண்டன்_நிலா | 23 நவம்பர் 2024

செல்வம் அண்ணா, நீங்கள் சொன்ன 'எல்லோரும்' என்ற விஷயம் சரிதான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஜூன் அறிக்கை சொதப்பல் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன், ஸ்பர்ஸ் ரசிகர்களிலேயே பல பேர் அன்றைக்குக் கோபப்பட்டார்கள்.

ஆனால் சுவாரஸ் - எவ்ரா விஷயத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே இரண்டு பேரும் வேறு வேறு அணி. இங்கே ஒரே டிரெஸ்ஸிங் ரூம். சொன்னவரும் உங்கள் ஆள், அடிபட்டவரும் உங்கள் ஆள். கேப்டன் வந்து 'இதைப் பெரிதாக்காதீர்கள், எனக்கு அவன் வேண்டும்' என்று சொன்னால் மேனேஜர் என்ன செய்வார்? சன் என்ன நினைக்கிறாரோ அதைத்தான் வழிகாட்டியாக எடுத்துக்கொள்வோம் என்று மேனேஜர் போஸ்டகோக்ளூ சொன்னார். அது தப்பிப்பதற்குச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.


தேன்மொழி_ஆர் | 23 நவம்பர் 2024

நிலா, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. சன்னிடம் கேட்கிறார்களே, அவரால் வேறு என்ன பதில் சொல்ல முடியும்? அவர் கேப்டன். 'எனக்கு வலித்தது, அவனைத் தண்டியுங்கள்' என்று சொன்னால் அணி உடையும், உருகுவேக்காரர்கள் ஒரு பக்கம், கொரியா ஒரு பக்கம் என்று சோஷியல் மீடியா பற்றி எரியும், பழி எல்லாம் அவர் தலையில் வரும். அதனால் அவர் பெரிய மனசோடு நடந்துகொள்கிறார், வேறு வழி இல்லாமலும் நடந்துகொள்கிறார், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். நம் வீடுகளில் மாமியார் வீட்டில் ஒரு பேச்சு வாங்கிய மருமகளிடமே 'நீயே விட்டுக்கொடுத்துப் போயிடும்மா' என்று சொல்கிற மாதிரிதான். அவள் சரி என்று சொன்னதும் பார்த்தீர்களா, அவளுக்கே ஒன்றும் இல்லை என்று கதவைச் சாத்திவிடுவார்கள்.

முடிவை அவர் தோளில் வைக்காமல் கிளப் தானே எடுத்திருக்க வேண்டும். ஜூன் மாதமே, எஃப்.ஏ. வருவதற்கு முன்னாலேயே, கிளப் அபராதம் போட்டு இரண்டு சீசன் முன்னோட்ட ஆட்டங்களுக்காவது வெளியே உட்கார வைத்திருந்தால் சன்னுக்கு வேலையே இல்லை. அவர் நிம்மதியாக மன்னித்துவிட்டுப் போயிருப்பார்.


மிட்ஃபீல்ட்_மணி | 24 நவம்பர் 2024

சரி, லிவர்பூலையும் ஸ்பர்ஸையும் அடித்தாயிற்று. முரளி, உங்கள் யுனைடெட்? 2020-இல் இன்ஸ்டாகிராமில் தோலின் நிறத்தைக் குறிக்கிற ஒரு சொல்லை எழுதியதற்காக உங்கள் உருகுவே வீரர் கவானிக்கு 3 ஆட்டம் தடை வந்தபோது உங்கள் கிளப் என்ன செய்தது? அவர் இனவெறியர் இல்லை என்று கமிஷன் தெளிவாக எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம் என்று அறிக்கை விடவில்லையா? செல்சியில் கேப்டன் டெரி, ஆன்டன் ஃபெர்டினாண்டு என்ற வீரரை இனவெறியோடு பேசியதாக வழக்கு வந்ததே? கோர்ட் விடுவித்ததும் எஃப்.ஏ. 4 ஆட்டம், 2,20,000 பவுண்டு போட்டது, அப்பவும் கேப்டன் பட்டையை யாரும் கழற்றவில்லை. கிளப் எல்லாம் ஒரே குட்டைதான். அப்புறம் ஏன் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேச வேண்டும்?


சிவப்பு_முரளி | 24 நவம்பர் 2024

கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். சவுத்தாம்டன் ஆட்டத்தில் இரண்டு கோல் போட்ட பிறகு தன்னை வாழ்த்திய ஒரு நண்பருக்கு கவானி இன்ஸ்டாகிராமில் எழுதிய பதில் அது. எதிரே நிற்கிறவரை நோகடிக்கச் சொன்னதில்லை, அடிபட்டவர் என்று ஒருவர் அங்கே இல்லை. அவர் உடனே அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். தடை அதிகம் என்று உருகுவேயில் எல்லோரும் கொதித்தார்கள், அங்கத்திய மொழி அகாடமிகூட எதிர்ப்புத் தெரிவித்தது. யுனைடெட் என்ன செய்தது? அவர் பக்கம் பேசியது, ஆனால் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை, அபராதப் பணம் பாகுபாட்டுக்கு எதிரான வேலைக்குப் போகட்டும் என்றது. யாரையும் பொய்யர் ஆக்கவில்லை. என்னைக் கேட்டால் அது பரவாயில்லை ரகம்.

டெரி விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், செல்சி வெட்கப்பட வேண்டும். இங்கிலாந்து கேப்டன் பதவியை எஃப்.ஏ. பறித்தது, அந்தச் சண்டையில் இங்கிலாந்து மேனேஜர் கபெல்லோ ராஜினாமா செய்துவிட்டுப் போனார். கிளப் மட்டும் அவர் கேப்டன் பதவியைத் தொடவில்லை. ஆன்டன் ஃபெர்டினாண்டு அதற்கப்புறம் எத்தனை மைதானத்தில் எத்தனை பேச்சு கேட்டார் என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.


தேன்மொழி_ஆர் | 24 நவம்பர் 2024

மணி சார், எல்லாம் ஒரே குட்டை இல்லை. அதே செல்சி இந்த ஜூலையில் என்ன செய்தது பாருங்கள். கோபா அமெரிக்கா கோப்பையை ஜெயித்த அர்ஜென்டினா அணியின் பஸ்ஸில் செல்சி வீரர் என்சோ ஃபெர்னாண்டஸ் நேரலையில் போட்ட வீடியோ, ஆப்பிரிக்க வம்சாவளி பிரெஞ்சு வீரர்களைக் கேவலப்படுத்துகிற பாட்டு. அவருடைய செல்சி டீம்மேட் ஃபோஃபானா அதை எடுத்துப் போட்டு, இதுதான் கூச்சமில்லாத இனவெறி என்று எழுதினார். கிளப் நாலு நாள் காத்திருக்கவில்லை, இது ஏற்க முடியாதது என்று தன் வாயால் சொல்லி உள்விசாரணை தொடங்கியதாக உடனே அறிவித்தது. என்சோ மன்னிப்புக் கேட்டார், பாகுபாட்டை எதிர்க்கிற அமைப்புக்கு நன்கொடை கொடுத்தார், கிளப்பும் அதே தொகையைப் போட்டது.

இதுவே முழுசாகப் போதும் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஆட்டம்கூட வெளியே உட்காரவில்லை, நூறு மில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கிய ஆள் என்பதால்தானோ என்று சந்தேகம் வரத்தான் செய்கிறது. ஆனால் ஃபோஃபானா வெளிப்படையாகக் கோபப்பட்டார், அதற்காக அவரை யாரும் அடக்கவில்லை. முதல் நாளே கிளப் 'தவறு' என்று சொல்லிவிட்டதால் அவர் தனி ஆளாக நிற்க வேண்டி வரவில்லை. சன்னுக்கு அந்த இடம் கிடைக்கவே இல்லை.


கோப்_கார்த்தி | 24 நவம்பர் 2024

தேன்மொழி சொன்னதுதான் நான் முதல் பதிவில் சொல்ல வந்தது, எனக்கு இவ்வளவு தெளிவாக வரவில்லை. முதல் வரி யாருக்காக எழுதப்படுகிறது என்று பார்த்தால் போதும். லிவர்பூல் 2011-இல் எழுதிய முதல் வரி சுவாரஸுக்காக. ஸ்பர்ஸ் எழுதிய முதல் வரி கிளப்புக்காக. செல்சி எழுதியது, என்ன நோக்கமோ, அடிபட்டவர்களுக்கும் பொருந்துகிற ஒரு வரி.

மணி, நிரபராதியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்டதையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். 'இப்படி ஒரு புகார் வந்திருக்கிறது, இதை நாங்கள் சாதாரணமாக எடுக்கவில்லை, எவ்ரா புகார் கொடுத்தது அவர் உரிமை, எங்கள் வீரர் மறுக்கிறார், விசாரணைக்கு ஒத்துழைப்போம், அதுவரை யாரும் எவ்ராவைத் திட்டக் கூடாது.' இதை எழுதியிருந்தால் சுவாரஸுக்கு ஒரு துளி நஷ்டம் கிடையாது. அக்டோபர் 16 காலையிலேயே எழுதியிருக்கலாம்.


மிட்ஃபீல்ட்_மணி | 25 நவம்பர் 2024

எழுதியிருக்கலாம்தான். அந்த அளவுக்கு நானும் வருகிறேன். ஆனால் வீரர் மறுக்கும்போது கிளப் அவரைச் சந்தேகப்பட்டே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் அதற்கு நான் வரமாட்டேன். இத்தாலியின் இன்டர் கிளப் வீரர் அசெர்பி விஷயத்தில் என்ன ஆயிற்று? நாப்போலி வீரர் யுவான் ஜேசுஸ் அவர் மேல் இனவெறிப் புகார் சொன்னார், இத்தாலியில் விசாரித்தார்கள், ஆதாரம் போதாது என்று விட்டார்கள். அந்த இடத்தில் இன்டர் அவரை முன்கூட்டியே துரத்தியிருந்தால்?


கோப்_கார்த்தி | 25 நவம்பர் 2024

துரத்தச் சொல்லவில்லை. யுவான் ஜேசுஸ் பக்கமும் பாருங்கள், ஆதாரம் போதாது என்பது அவர் பொய் சொன்னார் என்று ஆகாது. அவருக்காக நாப்போலி நின்றது, இந்த மாதிரி ஏட்டளவு இனவெறி எதிர்ப்புப் பிரசாரங்களில் இனி சேரமாட்டோம் என்று சொல்லி விலகியது. அந்த மாதிரி ஒரு கிளப் தன் பின்னால் இருந்தால் பாதிக்கப்பட்டவர் அடுத்த வாரம் ஆடப்போக முடியும்.


வடலண்டன்_நிலா | 17 டிசம்பர் 2024

இழையை மேலே கொண்டுவருகிறேன். அப்பீல் தள்ளுபடி ஆகிவிட்டது. 7 ஆட்டம் அப்படியே நிற்கிறது. மான்செஸ்டர் சிட்டி ஆட்டத்தில் இருந்து எண்ணினால் வியாழக்கிழமை லீக் கப்பில் யுனைடெட், ஞாயிற்றுக்கிழமை லிவர்பூல், அதோடு முடிகிறது. 26-ஆம் தேதி நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக ஆடலாம்.

எழுத்துபூர்வமான காரணங்களைப் படித்தபோது எனக்கு அப்பீலைவிட வேறொன்றுதான் உறுத்தியது. பென்டன்கூர் விசாரணையில் வைத்த வாதம், சன்னைப் பெயர் சொல்லாமல் கொரியன் என்று சொன்ன நிருபரை நான் மென்மையாகக் கண்டித்தேன், கிண்டலாகச் சொன்னேன் என்பது. ஜூன் மாதம் கேட்ட மன்னிப்போடு இது பொருந்தவில்லை என்று கமிஷன் நிராகரித்துவிட்டது. சன்னிடம் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, அறைக்குள் போய் நான் தப்பே செய்யவில்லை என்று சொல்வதற்கு யார் யோசனை சொன்னார்கள்? அப்பீல் கேட்டது நியாயம் என்று இன்னும் நினைக்கிறேன், இந்த வாதத்தை நியாயப்படுத்த என்னால் முடியவில்லை.


பினாங்கு_செல்வம் | 17 டிசம்பர் 2024

நன்றி நிலா. எனக்கு 6-ஆ 7-ஆ என்பதில் அக்கறையே இல்லை. கிளப் இன்றைக்காவது அப்பீல் முடிவைப் பற்றி எழுதும்போது ஆசிய ரசிகர்களிடம் நேராக ஒரு வரி சொல்லியிருக்கிறார்களா? வெப்சைட்டில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இங்கே ஒட்டுங்கள், அந்தப் பையனிடம் காட்ட வேண்டும்.


சிவப்பு_முரளி | 17 டிசம்பர் 2024

நான் தேடினேன் செல்வம், எனக்குக் கண்ணில் படவில்லை. கிடைத்தால் போடுகிறேன்.